மாடி அறையை 'ஸ்பேஷஸ்' என்று எழுதலாமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் குடியிருக்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கடைவீட்டின் மாடி அறையை வாடகைக்கு விட வேண்டுமாம். ஆங்கில விளம்பரத்தில் மகள் 'ஸ்பேஷஸ்' என்று போடச் சொல்கிறாள். தரகர் 'ரூமி' போதும் என்கிறார். "இரண்டும் பெரிய அறை என்பதுதானே? எதைப் போடுவது? அறையைப் பார்க்க வருகிறவர் ஏமாந்து போகக் கூடாது" என்று கேட்டிருக்கிறார். எழுதிவைத்த விளம்பரத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அம்மா, இரண்டுமே 'பெரிய' என்ற பொருளுக்கு உரியவை அல்ல. அதற்கு 'பிக்', 'லார்ஜ்' இருக்கின்றன. உள்ளே போனவர் இடிபடாமல் புழங்க இடம் தாராளமாக இருக்கிறது என்பதைத்தான் ஸ்பேஷஸ் சொல்கிறது. நம்முடைய 'விசாலமான' அதற்கு மிகவும் நெருக்கம். பெரிய ஹாலில் மூன்று சோபா செட்டையும் பழைய பீரோக்களையும் அடைத்து வைத்தால் அது லார்ஜாகவே இருக்கும், ஸ்பேஷஸ் என்று சொல்ல முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்காகக் கோலாலம்பூர் வந்த புதிதில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்தேன். விளம்பரத்தில் இதே சொல்தான் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் பாதியிலேயே கட்டில் விளிம்பில் முட்டி நின்றுவிடும். அந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவித்தான் தினமும் சட்டை எடுப்பேன். அளந்து பார்த்தால் அறை அப்படியொன்றும் சின்னது இல்லை. சாமான் போட்ட பிறகு ஆளுக்குத்தான் இடம் இல்லை. அதனால் யார் இந்தச் சொல்லை எழுதினாலும் நான் முதலில் கேட்பது, கட்டிலும் அலமாரியும் போட்ட பிறகு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதுதான்.

உங்கள் அறை 14 அடிக்கு 22 அடி. இரண்டு கட்டில், ஓர் அலமாரி போட்டும் நடுவில் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சி உறுத்தாமல் ஸ்பேஷஸ் என்று போடுங்கள். ஆனால் மொத்த வீட்டுக்கும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். ஸ்பேஷஸ் என்று படித்தவர் அகலமான வீட்டை நினைத்துக்கொண்டு வருவார். அறையை மட்டும் சொல்லி, அளவையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சரி, ரூமி? பொருள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பேச்சுவாக்கில் வரும் சொல். விளம்பரத்தில் ஸ்பேஷஸ் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஸ்பேஷஸ் பெரும்பாலும் நாம் உள்ளே போய் இருக்கும் இடங்களுக்கு வரும்: வீடு, அறை, கார், தோட்டம். தொளதொளவென்ற சட்டைக்கும், விரல் நெருக்காத சப்பாத்துக்கும் ரூமிதான் சரி. நிறைய சாமான் கொள்ளும் பைக்கும் ரூமி பொருந்தும். 'கப்பேஷஸ்' என்றும் சொல்லலாம். சாலைக்கு 'வைட்', பாலைவனத்துக்கு 'வாஸ்ட்'.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் இடத்தில் சறுக்கும். நாம் 'விசாலமான மனசு' என்போம். அதை அப்படியே ஸ்பேஷஸ் என்று கொண்டுபோனால் நினைத்த பொருள் வராது. கொடுக்கும் குணத்துக்கு 'ஜெனரஸ்', பிறர் கருத்துக்கு இடம் தரும் குணத்துக்கு 'பிராட்-மைண்டட்'. மலாயில் நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 'லுவாஸ்' பரப்பளவைச் சார்ந்த சொல். வீட்டின் சதுர அடியைக் குறிக்கும் 'கெலுவாசான்' அதிலிருந்துதான் வருகிறது. அடைசல் இல்லாத, ஓய்வான என்றெல்லாம் பொருள் தரும் 'லாப்பாங்' இருக்கிறதே, ஸ்பேஷஸ் தரும் உணர்வு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

இலக்கணத்தில் அதிகம் இல்லை. இது பெயரடை, அதனால் 'தி ரூம் ஹேஸ் ஸ்பேஷஸ்' தவறு. 'தி ரூம் இஸ் ஸ்பேஷஸ்' அல்லது 'தி ரூம் ஹேஸ் பிளென்ட்டி ஆஃப் ஸ்பேஸ்' என்று எழுத வேண்டும். ஒப்பிடும்போது 'மோர் ஸ்பேஷஸ்', ரூமிக்கு 'ரூமியர்'. நாலு பேருக்குப் போதும் என்று சொல்ல 'ஸ்பேஷஸ் இனஃப் ஃபார் ஃபோர்'. பலரும் 'ஸ்பேஷியஸ்' என்று மூன்றாக இழுக்கிறார்கள். ஸ்பே-ஷஸ், இரண்டே அசை, அழுத்தம் முதல் அசையில்.

முக்கியமானதற்கு இப்போது வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தச் சொல்லின் மூன்றாவது எழுத்து 'ஏ' இல்லை, 'ஈ'. அப்படி எழுதினால் அது 'ஸ்பீஷஸ்' என்ற வேறு சொல். மேலுக்கு நியாயமாகத் தெரிந்து உள்ளே பொய்யாக இருப்பது என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் வாதங்களைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்று இடத்தைக் குறிக்கும் 'ஸ்பாட்டியும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மற்றது தோற்றத்தைக் குறிக்கும் 'ஸ்பெசியெஸ்' வழியாக வந்தது. அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் ஃபோனில் சிவப்புக் கோடு விழாது. எது நடக்கக் கூடாது என்று பயந்தீர்களோ, அந்த ஓர் எழுத்து அதையே சொல்லிவிடுகிறது. எழுத்துகளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: எஸ், பி, ஏ, சி, ஐ, ஓ, யூ, எஸ். 'ஸ்பேஸ்' என்று எழுதி, கடைசி 'ஈ'யை எடுத்துவிட்டு 'ஐ, ஓ, யூ, எஸ்' சேர்த்தால் வந்துவிடும்.

உங்கள் வரியை நான் இப்படித் திருத்துவேன்: 'ஸ்பேஷஸ் அப்ஸ்டேர்ஸ் ரூம், 14 ஃபீட் பை 22 ஃபீட், டூ விண்டோஸ் ஃபேசிங் தி ஸ்ட்ரீட்.' மரப்படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது என்று கடிதத்தில் சொன்னீர்களே, 'ஸ்டீப் உடன் ஸ்டேர்ஸ்' என்று அதையும் கீழே போட்டுவிடுங்கள். வயதானவர்கள் வீணாக அலைய வேண்டியிருக்காது.