எல்லாருக்கும் ஒரே படகு, அப்புறம் என்ன போட்டி?

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நேத்ரா குமணன் பாய்மரப் படகு ஓட்டுனதைப் பாத்தேன். எல்லா படகும் ஒரே மாதிரி இருக்கு, வேகமும் இல்ல, ஆளுக்கொரு திசையில போறாங்க, யாரு முன்னாடின்னே தெரியல. இதுல அப்படி என்ன இருக்கு? - வாசகர், தாம்பரம்

பதில்: ஒரே மாதிரி இருக்குறதுதாங்க விஷயமே. அந்தப் படகு பேரு ஐஎல்சிஏ 6, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் லேசர் ரேடியல்னு சொன்னாங்க. 1969ல கனடாக்காரர் புரூஸ் கர்பி போன்ல பேசிக்கிட்டே வரைஞ்ச படத்துல ஆரம்பிச்ச கதை. காருக்கு மேல கட்டி எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா ஒரு படகு வேணும், அவ்ளோதான் கேட்டாங்க. நீளம் 4.2 மீட்டர், படகோட எடை 59 கிலோ, ஒரு பாய், ஒரு ஆள். ஒலிம்பிக்ஸ்ல படகைப் போட்டி நடத்துறவங்களே குடுத்துடுவாங்க, அதனால காசு செலவு பண்ணி நல்ல படகு வாங்கிட்டான்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது, தோத்தா காத்தை நாமதான் சரியா பாக்கல.

ஆளுக்கொரு திசையில போறாங்கன்னு எழுதிருக்கீங்க இல்லையா, ரேஸே அங்கதான் நடக்குது. காத்துக்கு நேர் எதிரா பாய்மரப் படகு போகாது, சுமாரா 45 டிகிரி ஒதுங்கி இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு திரும்பித் திரும்பித்தான் காத்து வர்ற திசைக்கு ஏறணும். நடுவுல காத்து ஒரு பத்து டிகிரி திரும்புனாலே இடது பக்கம் போனவங்களுக்கு லாபம், வலது பக்கம் போனவங்களுக்கு நஷ்டம், இல்லன்னா அப்படியே உல்டா, சுத்தி வர வேண்டிய முதல் மிதவைக்கிட்ட வந்து சேரும்போதுதான் யாரு எடுத்த முடிவு சரின்னு தெரியும். டிவில புரியாததுக்குக் காரணம் இதுதான், உங்க மேல தப்பில்ல.

படகுக்குள்ள உக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்கும். தூரத்துல தண்ணி ஒரு இடத்துல மட்டும் கருத்து சுருக்கம் சுருக்கமா வரும், அங்க காத்து இறங்குதுன்னு அர்த்தம். பாயில ரெண்டு பக்கமும் சின்ன நூல் ஒட்டிருப்பாங்க, ரெண்டும் நேரா பின்னாடி பறந்தா பாய் சரியா நிக்குது, ஒண்ணு துடிச்சாலும் சுக்கானை ஒரு இஞ்ச் தள்ளணும். அந்தக் கருத்த தண்ணி கிட்ட வந்ததும் கால் ரெண்டையும் படகுக்குள்ள இருக்குற பட்டையில மாட்டி, முழு உடம்பையும் தண்ணிக்கு மேல வெளிய சாய்ச்சு, கையில இருக்குற கயித்தை இழுத்தா படகு சட்டுனு முன்னாடி பாயும் பாருங்க, அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இன்னைக்கும் போறேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு, ரொம்ப ஒல்லி. இந்தப் படகைத் தாங்குவாளா? - வாசகி, தூத்துக்குடி

பதில்: தாங்குவாம்மா. படகு ஒண்ணுதான், பாய் மூணு சைஸ்ல இருக்கு, 4.7, 5.7, 7 சதுர மீட்டர், அவங்கவங்க எடைக்கு ஏத்த மாதிரி மாட்டிக்கலாம். முதல்ல ஆப்டிமிஸ்ட்னு குழந்தைங்களுக்கான 2.3 மீட்டர் படகுல ஆரம்பிக்கட்டும், 15 வயசு வரைக்கும் அதுல போட்டி இருக்கு. நேத்ராவும் 2009ல சென்னையில ஒரு சம்மர் கேம்ப்ல கத்துக்க வந்த பொண்ணுதான், 2020 ஜனவரில மியாமி உலகக் கோப்பையில வெண்கலம் வாங்குனாங்க, அதுக்கு முன்னாடி எந்த இந்தியப் பெண்ணும் அதுல மெடல் வாங்குனதில்ல. ஒல்லிங்கிறதுக்காக நிறுத்திடாதீங்க.

கேள்வி: எனக்கு 46. இனிமே கத்துக்கிட்டு ரேஸ் போக முடியுமா? கவுந்தா என்ன பண்றது? - வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமா. பிரேசில்காரர் ராபர்ட் ஷெய்ட் 48 வயசுல டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல லேசர் (இதே படகுதான், பெரிய பாய்) ஓட்டி எட்டாவது வந்தாரு, அவருக்கு எதிர்ல இருந்தவங்கள்ல பாதிப்பேர் அவர் முதல் தங்கம் வாங்குன 1996ல குழந்தைங்க. உடம்பு கொஞ்சம் மெதுவானாலும் காத்தைப் படிக்கிற கண்ணு வருஷாவருஷம் தேறிக்கிட்டே போகும்.

கவுறும், எல்லாருக்கும் கவுறும். லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறவே கூடாது, நீச்சலும் தெரிஞ்சிருக்கணும். கவுந்ததும் படகை விட்டு நீந்திப் போயிடாதீங்க, அடியில நீட்டிக்கிட்டு இருக்குற பலகைமேல ஏறி விளிம்பைப் பிடிச்சுப் பின்னாடி சாஞ்சா உங்க எடைக்கே படகு நிமிந்துடும், ஆனா அதுக்கு முன்னாடி பாய்க் கயித்தை லூஸ் பண்ணி விட்டுருக்கணும், இல்லன்னா நிமிந்த வேகத்துல மறுபடியும் அந்தப் பக்கம் சாஞ்சிடும். முதல் நாளே பயிற்சியாளரைக் கூட வெச்சுக்கிட்டு வேணும்னே பத்து தடவை கவுத்துப் பாருங்க.