விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம்

அன்புள்ள மேடம்,

மருத்துவமனை நிர்வாகம் படித்துவிட்டு, ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் ஹெச்.ஆர். பிரிவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஆள் எடுப்பதுதான் என் வேலை.

எங்கள் விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க உடல்நலக் கேள்விகள். என்னென்ன நோய் வந்திருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பெண்கள் என்றால் கர்ப்பமா என்று எல்லாம் இருக்கும். போன மாதம் பொது வார்டு வேலைக்கு ஒரு செவிலியர் வந்தார். நல்ல அனுபவம், நேர்காணலில் முதல் மதிப்பெண். தனக்கு ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) இருப்பதை இரண்டாம் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார். ‘ரிஸ்க் வேண்டாம்’ என்று கோப்பை மூடிவிட்டார்கள். இப்போது, புகைபிடிப்பவர்களை இனி வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு கொள்கை வரப்போகிறது. அதன் வரைவை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இது தவிர, ‘இன்ன ஆள் எங்கள் அப்பாவைத் தொடக் கூடாது’ என்று குடும்பத்தார் சொன்னால் டியூட்டி பட்டியலையே மாற்றிவிடுகிறார்கள்.

கேட்டால், ‘இது மருத்துவமனை, மற்ற இடம் மாதிரி இல்லை, நோயாளியின் பாதுகாப்புதான் முக்கியம்’ என்கிறார்கள். அது சரி என்றும் தோன்றுகிறது, தப்பு என்றும் தோன்றுகிறது. எதுவரை கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் செவிலியர் தன் கையாலேயே உண்மையை எழுதிக் கொடுத்தார் என்ற வரி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. மறைத்திருந்தால் இன்றைக்கு உங்கள் வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்து ஒரு மருத்துவமனையில் இதே கேள்வியைக் கேட்டால் அவர் என்ன எழுதுவார்? பாதுகாப்பு என்று சொல்லி உங்கள் நிர்வாகம் செய்தது, ஒரு நல்ல செவிலியருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான்.

மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு உடம்பைப் பற்றி விசாரிப்பது பழகிப்போன விஷயம். வாசலில் நுழைகிறவரிடம் என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நோயாளி பதில் சொன்னால் அதை வைத்து வைத்தியம் பார்க்கிறோம். வேலை கேட்டு வந்தவர் அதே பதிலைச் சொன்னால் அதை வைத்து அவரைக் கழித்துவிடுகிறோம். கேள்வி ஒன்றாக இருப்பதால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதே இல்லை.

எதுவரை கேட்கலாம் என்கிறீர்கள். எப்போது கேட்கலாம் என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ‘உனக்கு வேலை உண்டு’ என்று சொல்வதற்கு முன்னால் உடல்நலக் கேள்வி எதுவும் கூடாது. சொன்ன பிறகு பரிசோதனை வைக்கலாம். அதையும் அந்த வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் வைக்க வேண்டும். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும், சில விலக்குகளோடு, இதையேதான் சொல்கிறது. வெறும் வரிசைதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எல்லாமே அதில்தான் இருக்கிறது. முதலிலேயே கேட்டுவிட்டால், ஆளைக் கழித்த காரணம் மற்ற பத்துக் காரணங்களுக்குள் மறைந்துவிடும். ‘அனுபவம் போதவில்லை’, ‘எங்களுக்கு ஒத்துவராது’ என்று எதையாவது சொல்லிவிடலாம். வேலை உண்டு என்று கடிதம் கொடுத்துவிட்டு, பரிசோதனைக்கு அப்புறம் திரும்ப வாங்கினால், காரணம் எல்லோருக்கும் தெரியும். அதை நிர்வாகம் எழுத்தில் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். விண்ணப்பங்களை அடுக்கித் தருவது என் வேலை. சில விண்ணப்பங்களின் வலது மேல் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருக்கும். பொத்தான் அளவு கூட இருக்காது. பட்டியலில் வந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன், வட்டம் போட்ட ஒருவருக்கும் வேலைக்கான கடிதம் போகவில்லை. மூத்த அலுவலரிடம் கேட்டேன். ‘புதுசா கல்யாணம் ஆனவங்க. ஆறு மாசத்துல லீவு கேப்பாங்க’ என்றார், ரொம்ப சாதாரணமாக. முடிவு தெரிந்ததும் அந்த வட்டத்தை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கோப்பில் வைப்பார்கள். அழித்த இடம் லேசாகப் பளபளவென்று இருக்கும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அப்புறமும் ஒரு வருடம் அடுக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பெண்கள் யாருக்கும் தங்களுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

உங்கள் இரண்டாம் பக்கம் அந்த வட்டத்தை அச்சில் போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நீரா மாத்தூர் என்ற பெண் எல்.ஐ.சி.யில் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். பிரசவ விடுப்பில் இருக்கும்போதே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொன்னார் என்பது நிர்வாகத்தின் வாதம். நீதிபதிகள் படிவத்தையே கையில் எடுத்துப் படித்தார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கூச்சமும் சுயமரியாதையும் இதற்கு இடம் தராது என்று சொல்லி, அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டார்கள், அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னார்கள். 1991-இல் வந்த தீர்ப்பு அது.

ஹெபடைடிஸ் பி விஷயத்தில் உங்கள் நிர்வாகத்தின் பயம் வேறு, மருத்துவம் சொல்வது வேறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒரு மருத்துவப் பணியாளரையோ மாணவரையோ ஒதுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கட்டுப்பாடு தேவைப்படுவது சில அறுவை சிகிச்சைகளுக்குத்தான். உடம்புக்குள் கை இருக்க, கூரான கருவியோ எலும்பு முனையோ கையைக் குத்த வாய்ப்புள்ள வேலைகள் அவை. அவற்றைச் செய்கிறவர்கள்கூட, ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாக இருந்தால், தொடர்ந்து கண்காணித்துக்கொண்டு வேலை செய்யலாம். பொது வார்டில் ஊசி போடுவதும் ரத்தம் எடுப்பதும் அந்த வகையில் வராது. உங்களிடம் வந்தவர் பொது வார்டுக்குத்தானே வந்தார்?

எச்.ஐ.வி. என்றால் இந்தியாவில் சட்டமே இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுப்பதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. அதோடு, ரத்தத்தோடு புழங்க வேண்டியிருக்கும் பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும், ஊசி குத்திவிட்டால் உடனே தடுப்பு மருந்தும் தர வேண்டிய பொறுப்பை மருத்துவமனை மேல் அந்தச் சட்டம் வைக்கிறது. இந்தப் பகுதியை உங்கள் மேலதிகாரிகளுக்குப் படித்துக் காட்டுங்கள். யாருக்கு என்ன கிருமி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிற இடத்தில், கையுறை தீர்ந்துபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதற்காக எதையுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி விவரம், இரவுப் பணி பார்க்க முடியுமா, நோயாளியைத் தூக்கிப் புரட்ட முடியுமா என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். முடியாது என்றால், என்ன வசதி செய்து கொடுத்தால் முடியும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, புகைபிடிப்பவர்கள். இதுதான் இருப்பதிலேயே சிக்கலானது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள். 2005 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே புகைபிடிப்பவர்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்தியது. 2007-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கும் நிறுத்தியது. புகையிலையை எதிர்த்துப் போராடுகிறவர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கொள்கை தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். சோதனை என்றால் சிறுநீரில் கோட்டினின் பார்ப்பார்கள். நிகோடின் உடம்பில் உடைந்து உண்டாவது அது. சிகரெட்டை விட்டுவிட நிகோடின் ஒட்டுப்பட்டை போட்டிருக்கிறவருக்கும் அது காட்டும். விடுவதற்குப் படாத பாடு படுகிறவரையும் விட மனமில்லாதவரையும் அந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. அப்புறம், இது யார் மேல் விழும்? பல நாடுகளில் படிப்பும் வருமானமும் குறைந்தவர்களிடம்தான் புகைப்பழக்கம் அதிகம். ஆக, துப்புரவு, சலவை, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என்று கடைசிப் படியில் இருக்கும் வேலைகளுக்கு வருகிறவர்களைத்தான் இந்த விதி அதிகம் வெளியே தள்ளும். எல்லோருக்கும் பொதுவாக எழுதிய விதி ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் அடிக்கலாம் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-லேயே, டியூக் பவர் நிறுவன வழக்கில் ஒப்புக்கொண்டது. வேலைக்குத் தேவையே இல்லாத பள்ளிச் சான்றிதழைக் கேட்டு, கறுப்பினத் தொழிலாளர்களை மேலே வரவிடாமல் அந்த நிறுவனம் தடுத்திருந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்று சொல்லி நிறுவனம் தப்பிக்க முடியாது, அந்த நிபந்தனைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

இன்றைக்குப் புகை என்றால் நாளைக்கு எடை. கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மருத்துவமனை, உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் பார்க்கும் உடல் நிறை குறியீடு 35-க்குக் கீழே இருந்தால்தான் வேலை என்று விதி வைத்திருந்தது 2012-இல் செய்தியானது. பணி நேரத்தில் வளாகத்துக்குள் புகைக்கக் கூடாது என்று எழுதுங்கள், கண்டிப்பாக அமல்படுத்துங்கள். விட நினைப்பவர்களுக்கு உங்கள் மருத்துவர்களையே வைத்து உதவி செய்யுங்கள். மருத்துவமனையால் செய்ய முடிந்த பெரிய காரியம் அதுதானே.

டியூட்டி பட்டியல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், அன்றாடப் பணித் தாளிலேயே ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே ‘கறுப்பின உதவியாளர் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரெண்டா சேனி என்ற கறுப்பின உதவியாளர் தினமும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த மூதாட்டி கீழே விழுந்து கிடந்தபோதும் அவர் ஓடிப் போய்த் தூக்கவில்லை, வேறு ஆளைத் தேடிப் போனார். தாள் அப்படிச் சொன்னது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்றது. குளிப்பாட்ட ஒரு பெண் வேண்டும் என்று ஒரு பெண் நோயாளி கேட்பது உடலின் அந்தரங்கம் சார்ந்தது, அது வேறு என்றும் பிரித்துச் சொன்னது. நோயாளிக்கு மருத்துவமனையை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. உங்கள் பட்டியலைத் திருத்த உரிமை இல்லை.

வரைவு எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருப்பதை நான் நல்ல விஷயமாகவே பார்க்கிறேன். இரண்டாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், எந்த வேலைக்கு, எந்தக் காரியத்துக்கு இது தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதை வேலைக்கான கடிதம் போன பிறகு கேட்கிற தனித் தாளாக்குங்கள். அந்தத் தாள் பணியாளர் நல மருத்துவரிடம் இருக்கட்டும், நேர்காணல் குழுவின் கைக்கு வரவே வேண்டாம்.

அதற்கு முன்னால், மூடிய அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். சி.டி.சி. வழிகாட்டுதலைப் பிரதி எடுத்து அதன் மேலேயே வையுங்கள். பொது வார்டில் அந்த இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருந்தால், அவரை நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.