விலகிப் போன மருத்துவர் பக்கத்துத் தெருவிலேயே கிளினிக் திறக்கலாமா?

கேள்வி: திருச்சியில் பல் மருத்துவமனை நடத்தி வருகிறேன். மூன்றாண்டுகள் பணிபுரிவதாகவும், அக்காலத்தில் வேறெங்கும் தொழில் செய்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்துச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர், இருபத்திரண்டே மாதங்களில் விலகி, இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகக் கிளினிக் திறந்துவிட்டார். விலகிய பிறகு இரண்டாண்டுகளுக்கு 5 கிலோமீட்டர் சுற்றளவில் தொழில் செய்யக் கூடாது, மீறினால் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் உண்டு. அவரை என் செலவில் இம்ப்ளான்ட் பயிற்சிக்கும் அனுப்பினேன். இப்போது என் நோயாளிகளுக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி போகிறது. அவருடைய அசல் சான்றிதழ்கள் என்னிடம்தான் இருக்கின்றன. அந்தக் கிளினிக்கை மூட வைக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் அந்த இரண்டாண்டு நிபந்தனையால் முடியாது. சட்டபூர்வமான தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. தூரமும் காலமும் நியாயமான அளவில் இருந்தால் இங்கிலாந்து நீதிமன்றங்கள் இத்தகைய தடையை ஏற்பதுண்டு. நம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. கல்கத்தாவில் ஒரு கடைக்காரர், போட்டிக் கடையை மூடினால் 900 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு பிறகு தர மறுத்த வழக்கில், குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டுமான தடையும் செல்லாது என்று 1874லேயே தீர்ப்பாகிவிட்டது. எனவே 5 கிலோமீட்டரை 2 கிலோமீட்டராகக் குறைத்து எழுதியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. தொழிலை அதன் நற்பெயரோடு விலைக்கு விற்றவருக்கும், கூட்டு நிறுவனத்திலிருந்து விலகும் பங்குதாரருக்கும் விதிவிலக்கு உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இவ்விரண்டிலும் சேரமாட்டார்.

ஆனால் பணிக்காலம் முடியும் வரையிலான தடை வேறு. கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபாரில் ஒரு மருத்துவரிடம் மூன்றாண்டுகளுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் இடையிலேயே விலகித் தனியாகத் தொழில் தொடங்கியபோது, அங்கிருந்து வந்த மேல்முறையீட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒப்பந்தக் காலம் முடியும் வரை அவரைத் தடுத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முறித்து வெளியேறிய ஆலை ஊழியர் ஒருவரின் வழக்கில், 1967இல் உச்ச நீதிமன்றமும் இதே வழியில் சென்றது. ஆகவே, மீதமுள்ள பதினான்கு மாதங்களுக்கு மட்டும் தடை கேட்க உங்களுக்கு வாதம் இருக்கிறது. கிடைத்தே தீரும் என்று சொல்லமாட்டேன். தடையாணை நீதிமன்றத்தின் விருப்புரிமை. இடைக்கால மனுவில் உத்தரவு வருவதற்குள் அந்தப் பதினான்கு மாதங்களில் பாதி ஓடிவிடவும் கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் நிலை சற்றுத் தெம்பானது. குறைந்தபட்சப் பணிக்காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்காக உங்கள் 10 லட்சமும் அப்படியே வந்துவிடாது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது 74ஆம் பிரிவு. அதோடு, அந்தத் தொகை தொழில் செய்வதற்கான அபராதமாக எழுதப்பட்டிருப்பதால், 27ஆம் பிரிவில் அதுவும் அடிபட்டுப் போகும். இடையில் விலகியதால் வந்த நஷ்டம் என்ற அடிப்படையில் கேளுங்கள்: பயிற்சிக் கட்டண ரசீது, பயணச் செலவு, பயிற்சி நாள்களிலும் தந்த சம்பளம், மாற்று மருத்துவர் கிடைக்கும் வரை ரத்தான சிகிச்சைகளின் கணக்கு.

வாட்ஸ்அப் செய்திகளையும் அலட்சியமாக விடாதீர்கள். நோயாளிகள் தாமாகத் தேடிப் போனால் அது அவர்கள் உரிமை. ஆனால் உங்கள் கணினியிலிருந்தோ முன்பதிவுப் பதிவேட்டிலிருந்தோ எண்களை நகலெடுத்திருந்தால், அந்தப் பட்டியலைப் பயன்படுத்தாதபடி தடை கேட்கலாம். செய்தி வந்தவர்களிடம் அதன் திரைப்பதிவையும், எண்ணைத் தாங்கள் கொடுக்கவில்லை என்ற வாக்குமூலத்தையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னதாக அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். பல கிளினிக்குகளில் இது வழக்கம்போல நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பட்டச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு தடையாணை கேட்டுப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது அந்தப் பீரோ விஷயத்தைத்தான். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்று கைக்கு வந்த பிறகு உங்கள் வக்கீல் நோட்டீஸ் போகட்டும்.