வாசகர் கேள்வி–பதில்: பேனரில் முனை எழுத்து

கேள்வி: தோட்டத்து மாரியம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் கபடிப் போட்டிக்கு 12 அடிக்கு 4 அடி பேனர் செய்கிறேன். 'வீரத் தமிழர் கபடிக் கிண்ணம்' என்ற தலைப்பு முனை முனையாக, தடிப்பாக வேண்டும். ஆங்கில விளையாட்டுச் சட்டை எழுத்தைப் பார்த்து வளைவையெல்லாம் வெட்டினேன். திரையில் மிரட்டுகிறது, தள்ளி நின்று பார்த்தால் ஒரே திட்டு. 'வீ' 'வி'யாகிவிட்டது.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வெட்டியது தவறில்லை, உள்பக்கமும் வெட்டியதுதான் தவறு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் உள்வெளி (கோடுகளுக்கு நடுவே அடைபடும் வெற்றிடம்) குறைவு. நன்றாகத் தடித்தாலும் தாங்கும். உங்கள் தலைப்பிலோ சுழிகள் நெருங்கிய 'ண்ண' வருகிறது. முனையை வெளி ஓரத்தில் மட்டும் வையுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளையைக் காப்பாற்றுங்கள்.

100 அடி தூரத்துக்கு 10 அங்குல எழுத்து என்பது பொதுக் கணக்கு. தமிழுக்கு 12 வையுங்கள். ஒரே வரியில் அடங்காது. 'வீரத் தமிழர்' மேலே, 'கபடிக் கிண்ணம்' கீழே. கோட்டுத் தடிப்பு 2 அங்குலம், எந்த உள்வெளியும் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 'ண'வை மற்ற எழுத்தின் அகலத்துக்குள் திணிக்காதீர்கள். தாராளமாக அகலம் விட்டு, அதன் கோட்டை மட்டும் ஒன்றரை அங்குலமாக்குங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

'வீ'யின் சுழியைச் சதுரமாக்கலாம், ஆனால் நடுவில் ஓட்டை தெரிய வேண்டும். 'ர'வின் சாய்ந்த வாலை நறுக்கினால் அது கால் ஆகிவிடும். புள்ளி 2 அங்குலச் சதுரம், எழுத்திலிருந்து 1 அங்குலம் தள்ளி. வரி இடைவெளியை ஆங்கிலம்போல் நெருக்கினால் மேலே 'ழ'வின் வால் கீழே 'ண்' புள்ளியில் இடிக்கும்.

வரைய நேரமில்லையென்றால் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'அனெக் தமிழ்' எழுத்துருவின் மிகத் தடித்த வடிவமான எக்ஸ்ட்ராபோல்டை எடுங்கள். ஒடுக்கமும் விரிவும் அதிலேயே உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் நிற்கும் கோடு மட்டும் தடித்து அசிங்கமாகும். எழுத்தை அவுட்லைன் (திருத்தக்கூடிய வெறும் வடிவம்) ஆக்கியதும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அவற்றை ஒன்றாக்கும் 'யுனைட்' கட்டளையைக் கொடுத்துவிட்டு வெளி முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சுற்றிலும் வெள்ளைக் கரை போடும்போது கூர்முனையில் ஊசிபோல் நீட்டிக்கொண்டால் மைட்டர் லிமிட்டை (கூர்முனை நீளும் வரம்பு) குறையுங்கள். கரை எழுத்துக்கு வெளியே மட்டும் ஓடட்டும். நடுக்கோட்டில் விட்டால் தடிப்பைத் தின்றுவிடும்.

கடைக்கு அனுப்புமுன் பேனர் முழுவதையும் படுக்கை ஏ4 தாளின் அகலத்துக்கு அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, 8 அடி தள்ளி நின்று படியுங்கள். ஏறக்குறைய 100 அடியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். உங்கள் 'வீ' தேறுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளில் 'கொ' அடித்தால் கொம்பு இடம் மாறி விழுகிறது. எழுத்துரு கோளாறா?
– வாசகி, பீடோர்

பதில்: பெரும்பாலும் இல்லை. பிரெஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவில் எழுத்துகளைக் கோத்து வரி அமைக்கும் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். அவுட்லைன் ஆக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.