காஜுன் டப்பாவும் ஃப்ரிட்ஜில் மீந்த சோறும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சமையல், சந்தைக் கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: பேட்டன் ரூஜுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த கம்போ (சோற்றோடு சாப்பிடும் இந்த ஊர்க் கெட்டிக் குழம்பு) பிரமாதம். அதே ருசிக்காக 'காஜுன்' (இங்குள்ள பிரெஞ்சு வழியினரின் சமையல்) மசாலா டப்பா ஒன்று வாங்கி, மீந்த கோழிக்கறியில் போட்டேன். வாயில் வைக்க முடியாத உப்பு. டப்பா மோசமா, என் கை மோசமா?

பதில்: இரண்டும் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் எடை அதிகமான பொருளை முதலில் போட்டு, இறங்குவரிசையில்தான் சேர்மானப் பட்டியலை அச்சிட வேண்டும். இந்த வகை டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் முதல் பெயரே உப்புதான். ஓபலூசஸ் ஊரில் 1972-இல் தொடங்கிய டோனி சாச்சரீஸின் பச்சை டப்பாவும் அப்படியே. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இங்குள்ளவர்கள் அதை உப்புச் சீசாவுக்குப் பதிலாக மேசையில் வைத்துத் தூவிக்கொள்கிறார்கள். நாம்தான் சாம்பார் பொடி மாதிரி கரண்டியில் அள்ளிப் போடுகிறோம். கடைக் கோழியில் ஏற்கெனவே உப்பு, சாசேஜில் உப்பு, ஸ்டாக் (கறிச்சாறு) கட்டியில் உப்பு. அப்புறம் எப்படி வாயில் வைப்பது?

அதே அலமாரியில் உப்பில்லாத வகையும் இருக்கும். அதை வாங்குங்கள். இல்லையென்றால் பாப்ரிகா, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், மிளகு, வெள்ளை மிளகு, தைம், கொஞ்சம் கெயென் மிளகாய்த்தூள் ஆகியவற்றை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். இந்தியக் கடையில் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் கட்டுப்படியாகும். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் கடையில் 'சில்லி பவுடர்' என்று விற்பது நம் மிளகாய்த்தூள் அல்ல. சீரகமும் ஓரிகானோவும் கலந்த வேறு பொடி அது.

'காஜுன்' என்ற சொல்லை எந்த ஊர்க் கம்பெனியும் டப்பாவில் போட்டுக்கொள்கிறது. உண்மையில் லூசியானாவில் தயாரானதா என்று தெரிய, மாநில வேளாண் துறையின் சான்று முத்திரையைத் தேடுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவின் ருசி அந்த முத்திரையிலும் கிடைக்காது. மைதாவும் எண்ணெயும் சம அளவு போட்டு, அடி கனத்த பாத்திரத்தில் அடுப்பை விட்டு நகராமல் கிளறிய 'ரூ'வில் இருக்கிறது அது. முதலில் கடலைமிட்டாய் நிறம் வரும், வறுத்த வேர்க்கடலை வாசம் அடிக்கும். நிறுத்தாதீர்கள். கருப்பட்டி நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடமிளகாய் மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் சூடு தணிந்து, அதற்கு மேல் கருகாது. நடுவில் கரும்புள்ளி தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மைதாவும் எண்ணெயும்தானே, பெரிய நஷ்டமில்லை. முக்கால் மணி நேரம் நிற்க முடியாதவர்களுக்கு ரூ பாட்டிலிலும் கிடைக்கிறது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த ஊர்க்காரர்களே வாங்குகிறார்கள்.

கேள்வி: எத்தூஃபே (சோற்றின் மேல் ஊற்றும் கெட்டிக் குழம்பு) செய்ய உரித்த கிராஃபிஷ் (நன்னீர்ச் சிங்கி இறால்) வால் வாங்கப் போனேன். ஒரு பவுண்டு பாக்கெட்டுகள் இரண்டு வகை. ஒன்று மற்றதைவிட ஏகத்துக்கு விலை. எதை வாங்க?

பதில்: முன்பக்கத்து முதலைப் படத்தையும் பிரெஞ்சுப் பெயரையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தே ஆகவேண்டும். மலிவானது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது. 1997 முதல் சீன வால்கறிக்கு அமெரிக்கா தனி வரி போட்டும்கூட உள்ளூர்ச் சரக்கை விடக் குறைந்த விலைக்கு வந்துவிடுகிறது. சிங்கி இறாலின் தம்பி மாதிரி இருக்கும் இந்தப் பிராணி முக்கால்வாசி ஓடும் தலையும்தான். ஒரு பவுண்டு வால்கறிக்கு உயிருள்ளது ஆறேழு பவுண்டு வேண்டும், ஒவ்வொன்றையும் கையால் உரிக்க வேண்டும். உள்ளூர் விலையில் பாதி அந்தக் கைகளுக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ருசியிலும் வித்தியாசம் உண்டு. உள்ளூர் பாக்கெட்டில் தலையிலிருந்து வரும் ஆரஞ்சு நிறக் கொழுப்பும் ஒட்டியிருக்கும். எத்தூஃபேயின் நிறமும் மணமும் அதுதான். இறக்குமதி வால்களைப் பெரும்பாலும் கழுவித்தான் அடைக்கிறார்கள். ஆனால் கொழுப்போடு இருப்பது ஃப்ரீசரில் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், வாங்கினால் நாள்கடத்தாதீர்கள். எத்தூஃபேக்கு உள்ளூர், மசாலா தூக்கலான பொரியலுக்கு எதுவானாலும் சரி என்பது என் கணக்கு.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. மார்ச் முதல் மே வரை வரத்து மிகுந்து விலை இறங்கும். அப்போது இங்குள்ளவர்கள் உயிருள்ளதைச் சாக்கு மூட்டையாக வாங்கி வேகவைத்து விருந்து போடுவார்கள். மீந்ததை அன்று இரவே உட்கார்ந்து உரித்து, கொழுப்போடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். கூட வெந்த சோளத்தையும் உருளைக்கிழங்கையும் எறியாதீர்கள், மறுநாள் சூப்புக்கு மசாலாவே தேவைப்படாது.

முதல் வருடம் நான் ஒரு சாக்கு வாங்கி, ஐஸ்பெட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடிவைத்தேன். காலையில் முக்கால்வாசி செத்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீரில் அவற்றுக்கு மூச்சு முட்டிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஈரச்சாக்கில், அடித்துளை திறந்த பெட்டியில், மேலே ஐஸ் வைத்தால் போதும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் குடல் சுத்தமாகும் என்பதும் சும்மா, நல்ல தண்ணீரில் அலசினாலே போதும். வேகவைத்தபின் வால் சுருளாமல் நேராக இருந்தால் முன்பே செத்தது என்று தூக்கி எறிவார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சதை கொழகொழவென்று இருந்தாலோ நாற்றம் வந்தாலோ எறியுங்கள்.

கேள்வி: ஞாயிறு வாங்கிய சுட்ட கோழியின் எலும்பும் ஒரு கிண்ணம் சோறும் மிச்சம். ஜம்பாலாயா செய்யலாமா? எத்தனை நாள் தாங்கும்?

பதில்: ஜம்பாலாயாவுக்குப் பழைய சோறு ஆகாது. வேகாத அரிசியாகவே போட்டு, கறிச்சாற்றில் வேக வேண்டும். நம் பிரியாணி போலத்தான். அதற்கு இங்கே 'பார்பாயில்டு' என்று விற்கும் நீள அரிசி குழையாமல் நிற்கும். அது வேறொன்றுமில்லை, புழுங்கல் அரிசிதான். உங்கள் மிச்சத்துக்குப் பொருத்தமானது கம்போ. எலும்பைக் கொதிக்கவிட்டுச் சாறு எடுங்கள். நன்றி நவிலல் நாளின் வான்கோழி எலும்பை இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான் தீர்க்கிறார்கள். சந்தையில் வெண்டைக்காய் கிடைத்தால் வழவழப்பு போகத் தனியாக வதக்கிச் சேருங்கள். 'கம்போ' என்ற பெயரே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பழைய சோற்றைச் சூடாக்கி, பரிமாறும்போது கிண்ணத்தில் போட்டுக்கொள்ளலாம்.

நாள் கணக்கு: சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகவேண்டும், வெயில் கொளுத்தும் நாளில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரம். அப்புறம் மூன்று, நான்கு நாள் தாங்கும். சோறு வெளியில் கிடந்தால் அதில் உண்டாகும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் இருந்த சோறு எனக்கும் மனசு வராமல்தான் குப்பைக்குப் போகிறது.

கேள்வி: பன்றிக்கறி சாப்பிடமாட்டோம். கம்போவில் போடும் ஆண்டூயி (புகைபோட்ட பன்றிக்கறி) சாசேஜுக்குப் பதிலாக என்ன போடலாம்?

பதில்: வான்கோழி, கோழி ஆண்டூயி கிடைக்கும். ஆனால் உள்ளே கோழி, வெளி உறை பன்றிக் குடல் என்று இருக்கலாம். சின்ன எழுத்தில் போட்டிருப்பான், படித்துப் பாருங்கள்.

கேள்வி: சனிக்கிழமை உழவர் சந்தையில் 'மிர்லிட்டன்' என்று விற்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் 'சயோட்டே' என்று பாதி விலைக்கு இருப்பதும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றுதான், நம் சௌசௌ. இறால் அடைத்துச் சுடுவதற்கென்றால் மலிவானதையே வாங்குங்கள், உள்ளே போகும் இறாலுக்குக் காசைச் செலவழியுங்கள். தோட்டம் இருந்தால் மட்டும் சந்தைக் காயில் இரண்டு கூடுதலாக வாங்குங்கள். கடைக்காய் பெரும்பாலும் வெளிநாட்டு மலைப்பகுதியில் விளைந்தது, இந்த ஊர்ப் புழுக்கத்தில் பிழைப்பது அரிது. உள்ளூர்க் காயை முளை வரும்வரை சமையலறையில் வைத்திருந்து, முழுசாக நட்டால் கொடி ஏறும்.