சித்திரை வெயிலில் வாசலில் பளிச்சென்று பூக்கும் செடி எது?

மேற்கு பார்த்த வாசல், மதியத்துக்கு மேல் முழு வெயில், என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், நர்சரியில் கண்ணைப் பறிக்கிற பெட்டூனியாவை இப்போது வாங்காதீர்கள். நம் ஊரில் அது பனிக்காலத்துச் செடி, ஏப்ரலில் கருகிவிடும் (நான் ஆறு தொட்டி பறிகொடுத்தவன்).

என் தேர்வு காகிதப்பூதான். அதில் நிறமாகத் தெரிவது பூவே இல்லை, இலையின் இன்னொரு வடிவம். நடுவில் வெள்ளையாக, மெல்லிய குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் நிஜப் பூ. தினமும் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், அதனால் மேல்மண் நன்றாகக் காய்ந்து இலை லேசாகத் துவளும்வரை விட்டு அப்புறம் ஊற்றுங்கள், கொத்துக் கொத்தாக வரும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்று உதிர்ந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள். முள் இருக்கிறது, குழந்தைகள் ஓடும் பாதையை ஒட்டி வேண்டாம்.

கீழே அகலத் தொட்டியில் டேபிள் ரோஸ். குச்சியைக் கிள்ளி நட்டாலே பிடித்துவிடும், ஆனால் வெயில் ஏறினால்தான் விரியும். நீங்கள் ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு வருகிறவர் என்றால் மூடிய பூவைத்தான் பார்ப்பீர்கள். அப்படியானால் நித்தியகல்யாணி வையுங்கள், சாயங்காலமும் விரிந்தே இருக்கும்.