நம் தீவுக்கென்று ஒரு ஐசோபாட் உண்டா?

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் பிள்ளைகளோடு புலாவ் உபின் போயிருந்தோம். கரையோரப் பாறைகளில் கரப்பான் மாதிரி ஏதோ கூட்டமாக ஓடியது. மகன் படம் எடுத்துத் தேடிவிட்டு ‘ஐசோபாட்’ என்றான். தொலைதூரத் தீவுகளில் அந்தந்தத் தீவுக்கே உரிய ஐசோபாட் இனங்கள் உண்டாமே? சிங்கப்பூரும் தீவுதானே, நமக்கென்று ஒன்று இருக்குமா? இன்னொன்று: தேக்காவில் வாங்கிய மீனின் வாய்க்குள் வெள்ளையாக ஒரு பூச்சி இருந்தது. மீனையே தூக்கிப் போட்டுவிட்டேன். சமைத்திருக்கலாமா?

கே.எம்., ஈசூன்

அன்புள்ள கே.எம்.,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது லிஜியா என்னும் ஐசோபாட். கரப்பானோடு சேர்த்தியில்லை, நண்டு, இறால் வகையறா. அடுத்த முறை மகனைக் கால்களை எண்ணச் சொல்லுங்கள், ஏழு ஜோடி இருக்கும். கடலோரத்தில் வாழ்ந்தாலும் வெகுநேரம் மூழ்கிக் கிடந்தால் தாங்காது. வெயிலில் காய்ந்தாலும் செத்துவிடும். அலை தெறிக்கும் அந்த ஈரமான பாறை விளிம்பை விட்டு அது எங்கும் போவதில்லை.

தொலைதூரத் தீவுகளுக்கென்று தனி இனங்கள் உண்டு என்பது சரிதான். காரணம் தாய் குஞ்சு வளர்க்கும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான கடல் நண்டுகளின் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் போய்விடும். ஐசோபாட் தாய் அப்படிக் கைவிடுவதில்லை. வயிற்றுக்கு அடியில், மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒரு பையில் முட்டைகளைச் சுமக்கிறாள். குஞ்சு பொரிப்பதும் அதற்குள்ளேதான். வெளியே வரும் குஞ்சு அப்படியே தாயின் சாயல், ஏழாவது ஜோடிக் கால் மட்டும் பிறகு முளைக்கும். மிதக்கும் கட்டையிலோ பாசியிலோ சிக்கினால் ஒழிய, அதற்குக் கடல் தாண்ட வழியில்லை. எப்போதோ ஒன்றிரண்டு தாண்டிப் போனால், அவற்றின் வம்சம் அங்கேயே ஒதுங்கி, காலப்போக்கில் வேறு இனமாகிவிடும்.

ஹவாய்க் கரைகளில் ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட லிஜியாவை மரபணு வழியாகப் பார்த்தபோது, பெரும்பாலும் தீவுக்கு ஒரு வம்சமாகப் பிரிந்திருந்தது தெரிய வந்தது. அங்கே இன்னொரு லிஜியா கரையை விட்டு மலைக்காட்டுக்கே ஏறிவிட்டது! ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செயின்ட் ஹெலினாவில், உடலெங்கும் முள் கொண்ட மஞ்சள் நிற ஐசோபாட் ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. நாருக்காகச் செடி பயிரிட்டு மேகக்காட்டைச் சுருக்கியதால் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அந்தத் தீவில் போனால் போனதுதான், அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எனக்குத் தெரிந்தவரை இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, மலாய்த் தீபகற்பம் எல்லாம் ஒரே நிலம். சிங்கப்பூர் அதில் ஒரு மேட்டுப் பகுதி. ஹவாயின் பழைய தீவுகளுக்குப் பல லட்சம் ஆண்டுகள் கிடைத்தன, நமக்கோ தீவாகிச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே புக்கிட் தீமா காட்டுச் சருகுக்கு அடியில் இருப்பவற்றுக்கு மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம்தான் சொந்தங்கள் இருக்கும். போதாததற்கு மனிதனும் இனங்களை இடம் மாற்றிக் கலந்துவிடுகிறான். சதுப்புநில மரவேர்களைத் துளைக்கும் ஸ்பீரோமா என்ற ஐசோபாட், மரக்கப்பல் காலத்தில் இந்தப் பக்கக் கடல்களிலிருந்து அட்லாண்டிக் கரை வரை போயிருக்கிறது.

அதற்காக இந்தப் பகுதியில் புதிதாக ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2018இல் சிங்கப்பூர், இந்தோனேசிய ஆய்வாளர்கள் ஜாவாவின் தென்கடல் ஆழத்தில் முழங்கை நீளமுள்ள ஒரு ஐசோபாட்டை எடுத்தார்கள். 2020இல் பாத்தினோமஸ் ராக்சாசா என்று பெயரிட்டார்கள். மகனுக்கு அதன் படத்தைக் காட்டுங்கள், விடமாட்டான்.

அப்புறம் அந்த மீன். வாயில் இருந்ததும் அநேகமாக ஐசோபாட்தான். இளமையில் நீந்திப் போய் மீனைப் பிடித்துக்கொள்ளும், முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும். அது மீனுக்குத்தான் தொல்லை, மனிதரைத் தொற்றாது. எடுத்துப் போட்டுவிட்டு, கழுவி, தாராளமாகக் குழம்பு வைத்திருக்கலாம்.